பேசுவது தமிழ், திரையில் வருவது ஆங்கிலமா? நேரடி வசனவரியின் மொழியைச் சரிசெய்யும் முறை

கிளிநொச்சியில் கமக்காரர்களுக்காக நடந்த ஒரு செயலமர்வில் மடிக்கணினியையும் மல்ரிமீடியாவையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. வளவாளர் இரணைமடுக் குளத்தின் கீழான சிறுபோகச் செய்கையைப் பற்றித் தெளிவான தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். திரையின் அடியிலோ, பேச்சைக் கேட்டு உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் பவர்பொயின்டின் நேரடி வசனவரியில், அவர் பேசிய ஒலிகளுக்கு ஓரளவு ஒத்த, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆங்கிலச் சொற்கள் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் போர்க்காலத்தில் எறிகணை வெடித்ததில் இரு காதுகளிலும் கேட்கும் திறனை இழந்தவர். அந்த வசனவரி அவருக்காகவே இடப்பட்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு தலையைக் குனிந்துகொண்டார். நான் அவசரத்தில் விசைப்பலகையின் மொழியை மாற்றினேன், பிறகு விண்டோஸின் மொழியையும் மாற்றினேன். இவ்விரண்டுக்கும் வசனவரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதைச் செயலமர்வு முடிந்த பிறகே அறிந்துகொண்டேன். அதே நிலைக்கு வேறொருவர் உள்ளாகக் கூடாது என்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

பேசுபவர் என்ன மொழியில் பேசுகிறார் என்பதைப் பவர்பொயின்ட் தானாகக் கண்டுபிடிப்பதில்லை என்பதை முதலில் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். எந்த மொழியைக் கேட்கப் போகிறாய் என்று அதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சொன்ன மொழியின் சொற்களை மட்டுமே அது தேடும். ஆங்கிலத்தைக் கேள் என்று சொல்லிவிட்டுத் தமிழில் பேசினால், கேட்ட ஒலிக்கு மிக அண்மையான ஆங்கிலச் சொல் எதுவோ அதை எழுதிவிடும். அது பழுதாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் தனக்கு இட்ட கட்டளையை அது சரியாகவே நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது.

கணினியில் "மொழி" என்ற பெயரில் பல தெரிவுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருப்பதே குழப்பத்தின் வேர். பட்டியல்களும் பொத்தான்களும் எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பது ஒன்று. விசைப்பலகையில் எந்த மொழியைத் தட்டுகிறோம் என்பது இன்னொன்று. ஸ்லைட்டில் எழுதியவற்றின் எழுத்துப்பிழையை எந்த மொழியின்படி பார்ப்பது என்பது மூன்றாவது. இவற்றில் எதை மாற்றினாலும் நேரடி வசனவரி உடனே மாறாது. வசனவரிக்கென்று தனியாக இரண்டு தெரிவுகள் உள்ளன: கணினி கேட்கும் மொழி ஒன்று, திரையில் காட்டும் மொழி மற்றொன்று. பவர்பொயின்டில் முதலாவதன் பெயர் ஸ்போக்கன் லாங்குவேஜ், இரண்டாவதன் பெயர் சப்டைட்டில் லாங்குவேஜ். இவ்விரண்டும் ஒன்றாக இருந்தால் பேசியது அப்படியே எழுத்தாக வரும். வேறுவேறாக இருந்தால் கணினி இடையில் மொழிபெயர்க்கும்.

பிழை எந்த வகையானது என்று பார்த்தல்

எதையும் மாற்றுவதற்கு முன் திரையில் வரும் வரிகளை ஒரு நிமிடம் வாசித்துப் பாருங்கள். பிழை எங்கே இருக்கிறது என்பதை அந்த வரிகளே சொல்லிவிடும்.

வரும் வரிகள் வேறொரு மொழியில் இருந்து, அந்த மொழி அறிந்தவருக்கும் பொருள் விளங்காத சொற்குவியலாக இருந்தால், கேட்கும் மொழி பிழையாக உள்ளது. வரும் வரிகள் வேறொரு மொழியில் இருந்தாலும் பொருளுள்ளவையாக, பேசுபவர் சொன்னதையே சொல்பவையாக இருந்தால், கேட்கும் மொழி சரி. காட்டும் மொழிதான் பிழை. வளவாளர் ஆங்கிலத்தில் பேசத் தமிழ் எழுத்தில் பொருளற்ற வரிகள் ஓடினால், முன்பு அந்த மடிக்கணினியைப் பயன்படுத்தியவர் கேட்கும் மொழியை வேறொன்றாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று ஊகிக்கலாம். திரையில் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இரண்டு விதமான வரிகள் ஓடினால், அது வேறு விடயம். அதற்குப் பின்னர் வருகிறேன்.

பெரும்பாலான மண்டபங்களில் நான் கண்டது முதல் வகைப் பிழையே. அதற்குக் காரணமும் எளிது. ஸ்போக்கன் லாங்குவேஜ் என்ற தெரிவை எவரும் தொடாதவரை, ஒபிஸ் மென்பொருளில் எழுதுவதற்கென்று எந்த மொழி குறிக்கப்பட்டுள்ளதோ அதையே பவர்பொயின்ட் எடுத்துக்கொள்ளும். இங்கே அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் உள்ள கணினிகளில் அது பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலமாகவே இருக்கும், ஏனென்றால் மென்பொருளை நிறுவியவர் அப்படியே விட்டிருப்பார். காட்டும் மொழியையும் எவரும் தொடாவிட்டால் அது கேட்கும் மொழியையே பின்பற்றும். ஆகவே புதிதாக நிறுவிய கணினியில் வசனவரியை இயக்கினால், தமிழ்ப் பேச்சை ஆங்கிலம் என்று கேட்டு ஆங்கிலமாகவே எழுதும்.

பவர்பொயின்டில் திருத்துதல்

நேரடி வசனவரி வசதியை மைக்ரோசொப்ட் 2018 டிசம்பரில் அறிவித்தது. சந்தாவில் வரும் மைக்ரோசொப்ட் 365 பதிப்பிலும், இணைய உலாவியில் இயங்கும் பவர்பொயின்டிலும் அது கிடைக்கும். பழைய 2010, 2013, 2016 பதிப்புகளில் இந்த வசதியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் கணினியில் பழைய பதிப்பே இருந்தால், மைக்ரோசொப்ட் கணக்கொன்றைத் தொடங்கி, கோப்பை அதன் இணையச் சேமிப்பிடமான ஒன்ட்ரைவில் ஏற்றி, குரோம் அல்லது எட்ஜ் உலாவியில் திறந்து பயன்படுத்தலாம்.

கோப்பைத் திறந்து மேற்பட்டையில் ஸ்லைட் ஷோ என்பதை அழுத்துங்கள். வலப்பக்கமாகச் சென்றால் ஓல்வேய்ஸ் யூஸ் சப்டைட்டில்ஸ் என்ற சிறு பெட்டியும், அதன் அருகே சப்டைட்டில் செற்றிங்ஸ் என்ற பட்டியலும் தெரியும். பட்டியலைத் திறந்து ஸ்போக்கன் லாங்குவேஜ் என்பதன் மேல் சுட்டியை வைத்தால் மொழிகளின் பெயர்கள் விரியும். பேசுபவர் உண்மையில் வாய்திறந்து பேசப்போகும் மொழியை அங்கே தெரிவு செய்ய வேண்டும். பலர் இங்கே தடுக்கி விழுகிறார்கள்: சபையில் இருப்பவர்கள் தமிழர் என்பதால் ஆங்கிலத்தில் பேசும் வளவாளருக்கும் இங்கே தமிழைத் தேடுகிறார்கள். சபையின் மொழியைப் பற்றி இந்த இடத்தில் நினைக்கவே கூடாது. பேசுபவரின் மொழி மட்டும்தான் இங்கே கணக்கு.

அடுத்து சப்டைட்டில் லாங்குவேஜ் என்பதைத் திறந்து, வாசிப்பவர்களுக்கு வேண்டிய மொழியைத் தெரிவு செய்யுங்கள். இந்த இரண்டாவது பட்டியல் முதலாவதைவிட மிக நீளமானது. அறிமுகமானபோதே கேட்கும் மொழிகள் 12 ஆகவும் காட்டும் மொழிகள் 60 இற்கு மேலாகவும் இருந்தன. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. ஒரு மொழியை எழுத்திலிருந்து எழுத்துக்கு மொழிபெயர்ப்பதைவிட, பலரும் பலவிதமாகப் பேசும் பேச்சைக் கேட்டு எழுதுவது மிகக் கடினமான வேலை. ஆகவே தமிழைக் காட்டும் பட்டியலில் கண்டவர்கள் கேட்கும் பட்டியலிலும் அது இருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். உங்கள் பதிப்பில் இரு பட்டியல்களையும் தனித்தனியே திறந்து பார்த்த பின்னரே நிகழ்ச்சியைத் திட்டமிட வேண்டும்.

அதே பட்டியலில் மைக்ரோபோன் என்ற தெரிவும் உண்டு. எந்த ஒலிவாங்கியைக் கேட்க வேண்டும் என்பதை அங்கே சொல்ல வேண்டும். வசனவரி எங்கே வர வேண்டும் என்பதையும் அங்கேயே தீர்மானிக்கலாம். ஸ்லைட்டின் மேல் படிந்து வராமல் அதற்குக் கீழே தனியாக வரும்படி வைப்பதையே நான் விரும்புகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் ஸ்லைட்டின் அடிவரை எழுத்தை நிரப்பிவிடுவது வழக்கம்.

இவை முடிந்ததும் ஓல்வேய்ஸ் யூஸ் சப்டைட்டில்ஸ் பெட்டியில் சரி அடையாளத்தை இட்டு ஸ்லைட் ஷோவைத் தொடங்குங்கள். நடுவில் நிறுத்தவோ மீண்டும் தொடங்கவோ வேண்டுமென்றால் விசைப்பலகையில் ஜே எழுத்தை ஒருமுறை அழுத்தினால் போதும். விசைப்பலகை அப்போது தமிழில் இருந்தால் அந்த விசை வேலை செய்யாமல் போகலாம் என்பதால், காட்சி தொடங்கு முன் அதை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே மொழியை மாற்ற வேண்டுமானால், திரையில் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி வரும் பட்டியலில் சப்டைட்டில் செற்றிங்ஸைத் திறக்கலாம். காட்சியை மூடிவிட்டு வெளியே வர வேண்டியதில்லை.

பொத்தான்களே தெரியவில்லையென்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். பைல் பட்டியலில் அக்கவுண்ட் என்பதற்குள் தனியுரிமைத் தெரிவுகள் உள்ளன. உள்ளடக்கத்தை இணையத்தில் பகுத்தாராயும் சேவைகள் அங்கே நிறுத்தப்பட்டிருந்தால் வசனவரியும் நின்றுவிடும். மற்றையது விண்டோஸின் செற்றிங்ஸில் பிரைவசி பகுதியில் உள்ள ஒலிவாங்கி அனுமதி. இந்த அனுமதி இல்லாவிட்டால் மொழி சரியாக இருந்தும் ஒரு சொல்கூட வராது.

தமிழ் கேட்கும் பட்டியலில் இல்லாதபோது

இந்த இடத்தில் ஒரு தவறான அறிவுரை நம்மிடையே உலவுகிறது: தமிழ் இல்லையென்றால் அதற்குக் கிட்டிய ஹிந்தியையோ இந்திய ஆங்கிலத்தையோ வைத்துக்கொள்ளலாம் என்பது அது. அப்படிச் செய்யவே கூடாது. கணினிக்குக் கிட்டிய மொழி என்று ஒன்று இல்லை. ஹிந்தியைக் கேள் என்றால் அது தமிழ்ப் பேச்சில் ஹிந்திச் சொற்களைத் தேடி, தேவநாகரியில் பொருளற்ற வரிகளை எழுதும். காது கேளாத ஒருவருக்குப் பொருளற்ற வரியைக் காட்டுவது, வரியே காட்டாமல் இருப்பதைவிடக் கெட்டது. வரி இல்லையென்றால் அவர் அருகில் இருப்பவரிடம் கேட்பார். வரி இருந்தால் தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

அத்தகைய வேளையில் பவர்பொயின்டின் வசனவரியை நிறுத்திவிட்டு, பேச்சை எழுத்தாக்கும் வேலையை வேறொரு கருவியிடம் ஒப்படையுங்கள். அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசியில் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலியைக் கூகுள் 2019 இல் வெளியிட்டது. காது கேளாதோருக்கென்றே செய்யப்பட்ட செயலி அது. தமிழும் அதில் உண்டு. முதன்மை மொழி ஒன்றையும் இரண்டாம் மொழி ஒன்றையும் குறித்துவைத்து, ஒரு தட்டலில் இரண்டுக்கும் இடையே மாறிக்கொள்ள முடிவது நமக்குப் பெரிய வசதி. ஒருவர் அல்லது இருவருக்காக மட்டும் வசனவரி வேண்டியிருந்தால், கைத்தொலைபேசியையோ டப்லெட்டையோ அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது பெருந்திரையில் போடுவதைவிட நல்லது. எழுத்தின் அளவை அவரே தனக்கு ஏற்றபடி பெருப்பித்துக்கொள்வார்.

சபை முழுவதற்கும் வேண்டுமென்றால் கூகுள் டொக்ஸில் குரல்வழித் தட்டச்சைப் பயன்படுத்தலாம். குரோம் உலாவியில் டொக்ஸைத் திறந்து, டூல்ஸ் பட்டியலில் வொய்ஸ் டைப்பிங் என்பதை அழுத்தினால் ஒலிவாங்கியின் படம் தோன்றும். அதற்கு மேலே உள்ள மொழிப்பெயரை அழுத்தித் தமிழைத் தெரிவு செய்ய வேண்டும். இலங்கைத் தமிழ் என்று தனியாக ஒரு தெரிவு அங்கே இருந்தால் அதையும் இந்தியத் தமிழையும் மாறிமாறிச் சோதித்து, எது வளவாளரின் பேச்சை நன்றாகப் பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாளரத்தை விட்டு வேறு சாளரத்துக்குப் போனால் தட்டச்சு நின்றுவிடும் என்பதால், ஸ்லைட்டுகளுக்கு ஒரு மடிக்கணினியும் வசனவரிக்கு இன்னொரு மடிக்கணினியும் வேண்டும். இரண்டாவது திரைக்கு வசதி இல்லாவிட்டால் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியே போதுமானது. அநேகமான பிரதேச செயலகங்களிலும் பாடசாலைகளிலும் ஒன்றைத் தேடிக்கொள்ளலாம்.

கூகுள் ஸ்லைட்ஸில் காட்சியை நடத்துபவர்களுக்கும் ஒரு சொல். அதன் வசனவரி 2018 இல் அமெரிக்க ஆங்கிலத்துக்கு மட்டுமே அறிமுகமானது. கொன்ட்ரோல், ஷிப்ட், சி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அது இயங்கும். தெரியாமல் அழுத்துப்பட்டாலும் இயங்கும். தமிழ் உரையின் நடுவே திடீரென்று ஆங்கில வரிகள் முளைத்தால் அதே விசைகளை மீண்டும் அழுத்தி நிறுத்திவிடுங்கள்.

இரண்டு மொழி பேசப்படும் மேடை

வன்னியில் ஒரே மேடையில் ஒரே மொழி மட்டும் பேசப்படுவது எல்லா நாளும் நடப்பதில்லை. வெளியிலிருந்து வந்த வல்லுநர் ஆங்கிலத்தில் சில வசனங்கள் சொல்வார், உள்ளூர் உத்தியோகத்தர் ஒருவர் அவற்றைத் தமிழில் சொல்வார், திணைக்களத்திலிருந்து வந்தவர் சிங்களத்தில் இரண்டு கேள்வி கேட்பார். கேட்கும் மொழியை ஆங்கிலமாகவும் காட்டும் மொழியைத் தமிழாகவும் வைத்திருந்தால், வல்லுநர் பேசும்வரை எல்லாம் நன்றாக நடக்கும். மொழிபெயர்ப்பாளர் வாய் திறந்த உடனே குப்பை வரிகள் வரத் தொடங்கும். ஏனென்றால் அவருடைய தமிழையும் கணினி ஆங்கிலம் என்றே கேட்டு, அந்தப் பொய்யான ஆங்கிலத்தைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டிருக்கும். வரும் எழுத்து தமிழாகவே இருப்பதால் இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினம்: மொழிபெயர்ப்புத் தரமில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

இதற்குச் சிறந்த வழி இருவருக்கும் இரண்டு ஒலிவாங்கிகளைக் கொடுத்து, மடிக்கணினிக்கு வல்லுநரின் ஒலிவாங்கியை மட்டும் இணைப்பதாகும். மொழிபெயர்ப்பாளரின் குரல் மண்டபத்து ஒலிபெருக்கிக்கு மட்டும் போகட்டும். ஒரே ஒலிவாங்கிதான் உண்டு என்றால், மடிக்கணினியின் அருகே ஒருவரை அமர்த்தி, மொழிபெயர்ப்பாளர் தொடங்கும்போது ஜே விசையை அழுத்தி நிறுத்தவும், வல்லுநர் தொடங்கும்போது மீண்டும் இயக்கவும் சொல்லுங்கள். யார், எந்த ஒழுங்கில், என்ன மொழியில் பேசப்போகிறார்கள் என்ற சிறு தாள் அவர் கையில் இருக்க வேண்டும். இந்த வேலையை மேடையில் பேசுபவரிடமே விடக் கூடாது; பேச்சில் இருப்பவருக்கு வசனவரி கண்ணில் படாது.

ஆங்கிலத்தில் பேசும் நம் நாட்டவர்களுக்குக் கேட்கும் மொழியாக அமெரிக்க ஆங்கிலத்தை வைப்பதைவிட இந்திய ஆங்கிலத்தை வைத்தபோது கூடுதலான சொற்கள் சரியாக வந்ததை நான் கண்டிருக்கிறேன். வளவாளரின் குரலில் இரண்டையும் ஒவ்வொரு நிமிடம் சோதித்தால் தெரிந்துவிடும்.

சூம் அல்லது டீம்ஸ் வழியாக நடக்கும் கூட்டத்தில் இன்னொரு குழப்பம் சேர்கிறது. பவர்பொயின்டுக்கு ஒரு வசனவரி, டீம்ஸுக்குத் தனியாக ஒரு வசனவரி, விண்டோஸ் 11 இற்கு அதன் சொந்த வசனவரி என்று மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் ஓட முடியும். திரையின் மேற்புறத்தில் கருநிறப் பட்டையில் வரிகள் வந்தால் அது விண்டோஸுடையதாக இருக்கலாம். விண்டோஸ் விசையுடன் கொன்ட்ரோலையும் எல் எழுத்தையும் அழுத்தினால் அது மறையும். டீம்ஸில் பேசும் மொழியை ஒருவர் மாற்றினால் அது கூட்டத்தில் உள்ள எல்லோருக்கும் மாறிவிடும் என்பதால், அந்தப் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். ஸ்லைட்டுக்குள் வைத்த வீடியோவின் வசனவரி பிழையான மொழியில் வந்தால் அது இவை எதனாலும் வருவதல்ல. அந்த வீடியோவோடு இணைத்த வசனக் கோப்பே வேறு மொழியிலானது, அதைத்தான் மாற்ற வேண்டும்.

மொழி சரியான பிறகும் எஞ்சும் பிழைகள்

மொழித் தெரிவு சரியாகிவிட்டால் சொற்கள் பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் நம் ஊர்ப் பெயர்களும் தொழிற்சொற்களும் இடறும். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கனகராயன்குளம், வட்டுவாகல் போன்ற பெயர்களைக் கணினி துண்டுதுண்டாக உடைத்து எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்லைட்டில் உள்ள எழுத்துகளைப் பார்த்துத் தன் கேள்விப்புலனைச் சரிசெய்துகொள்ளும் திறன் பவர்பொயின்டின் வசனவரிக்கு உண்டு. ஆகவே உரையில் வரப்போகும் இடப்பெயர்களையும், பயிரினங்களின் பெயர்களையும் ஸ்லைட்டில் எழுதிவைப்பது பயனுள்ளது. ஆங்கிலத்தில் பேசுபவராக இருந்தால் அந்தப் பெயர்களை ஆங்கில எழுத்திலும் ஓரிடத்தில் எழுதிவையுங்கள்.

இந்த உதவி கிடைக்க வேண்டுமானால் ஸ்லைட்டில் உள்ள தமிழ், எல்லாக் கணினிகளும் தமிழ் எழுத்தென்றே அறிந்துகொள்ளும் பொது முறையான யூனிகோடில் இருக்க வேண்டும். நம் அலுவலகங்களில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்கிறார்கள். பாமினியில் எழுதியது நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினியின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே; எழுத்துருவை மாற்றினால் அது வெளிப்பட்டுவிடும். அத்தகைய ஸ்லைட்டிலிருந்து பவர்பொயின்ட் எந்தத் தமிழ்ச் சொல்லையும் கற்றுக்கொள்ள முடியாது. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் பாமினி உரையை ஒட்டி யூனிகோடாக மாற்றி, விண்டோஸுடன் வரும் நிர்மலா யூஐ எழுத்துருவில் இட்டுக்கொள்ளுங்கள். இது ஒரு மாலைப்பொழுது வேலைதான். ஆனால் அதன் பிறகு அந்தக் கோப்பு எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கும்.

மொழிபெயர்த்துக் காட்டும்போது வேறொரு சிக்கல் வரும். ஆங்கிலத்தில் பேசும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் நம் குளங்களை 'ராங்க்' (tank) என்றே சொல்வார். இலங்கை ஆங்கிலத்தில் அது இயல்பான வழக்கு. மொழிபெயர்க்கும் கணினியோ அதைத் 'தொட்டி' என்று எழுதிவிடும். இரணைமடுத் தொட்டி என்று வாசிக்கும் கமக்காரருக்கு அது என்னவென்றே விளங்காது. 'ரிசர்வோயர்' என்று சொல்லும்படி வளவாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் 'நீர்த்தேக்கம்' என்று வரும், குழப்பமும் தீரும். காலபோகத்தையும் சிறுபோகத்தையும் சிங்களப் பெயர்களான மகா, யல என்று ஆங்கிலப் பேச்சில் சொல்வதும் இப்படியே இடறும். அந்த இடத்தில் மாதங்களைச் சொல்வது பாதுகாப்பானது.

பேசும் முறையிலும் சிறிது கவனம் வேண்டும். நாம் கதைக்கும் தமிழில் 'என்னண்டால்', 'வந்தவையள்', 'சொல்லேக்க' போன்ற வடிவங்களைக் கணினி தடுமாறியே பிடிக்கும், ஏனென்றால் அது பழகியது பெரும்பாலும் வேறிடத்துத் தமிழில். இதற்காக நம் பேச்சை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காது கேளாதோர் இருக்கும் சபையில் முக்கியமான வசனங்களையாவது செய்தி வாசிப்பதுபோல எழுத்துத் தமிழுக்கு அண்மையாக, வசனத்துக்கு வசனம் சற்று நிறுத்திச் சொன்னால் போதும். உரத்தின் அளவு, திகதி, பணத்தொகை ஆகியவற்றை வசனவரியை நம்பி விடாமல் ஸ்லைட்டில் எண்ணாகவே எழுதிவிடுங்கள்.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மடிக்கணினியில் பொருத்தியுள்ள சிறு ஒலிவாங்கி மண்டபத்து ஒலிபெருக்கியின் எதிரொலியையும், மின்விசிறியின் இரைச்சலையும், பின்வரிசையின் பேச்சையும் சேர்த்தே கேட்கும். தகரக் கூரையின் கீழ் மழை பெய்யும் நாளில் அது எதையுமே கேட்காது. வாயருகே வரும் ஹெட்செட் ஒன்று போதும். அல்லது ஒலிபெருக்கி வைத்திருப்பவரிடம் கேட்டு அம்பிளிபயரிலிருந்து ஒரு வயரை மடிக்கணினிக்கு எடுத்துக்கொள்ளலாம். சொற்கள் அரைகுறையாக வரும்போது மொழியைக் குறைசொல்லுமுன் இதைச் சோதியுங்கள்.

பேச்சு இணையத்தின் வழியே மைக்ரோசொப்டின் கணினிகளுக்குப் போய், எழுத்தாகித் திரும்பி வருகிறது. ஆகவே இணைப்பு விட்டுவிட்டு வந்தால் வரிகளும் விட்டுவிட்டு வரும். மண்டபத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் உறுதியாக இருக்கிறது என்பதை முதல் நாளே இரண்டு சிம்களில் பார்த்து, டேட்டாவைப் பகிரும் கைத்தொலைபேசியை யன்னலோரம் சார்ஜரில் வைத்துவிடுங்கள். பேச்சு வெளியே போகிறது என்பதால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளோ, காணிப் பிரச்சினை உள்ளவர்களோ தங்கள் கதையைச் சொல்லும் கூட்டங்கள் நம்மிடையே நடக்கின்றன. அங்கே வசனவரியை இயக்குமுன் குரல் இணையத்தின் வழியே அனுப்பப்படுகிறது என்று சபைக்குச் சொல்லி, அவர்கள் விருப்பத்தைக் கேட்க வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் அவர் பேசும்போது நிறுத்திவிட வேண்டும். அவ்வேளையில் அருகில் இருந்து எழுதிக் காட்ட ஒருவரையோ, சைகை மொழி தெரிந்தவரையோ ஒழுங்கு செய்வது நம் கடமை.

நிகழ்ச்சி தொடங்க அரைமணி நேரத்துக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வளவாளரே, அதே ஒலிவாங்கியில், அதே இடத்தில் நின்று இரண்டு நிமிடம் பேசட்டும். நீங்கள் பேசிப் பார்த்தது அவருக்குச் செல்லாது. அவர் சொல்லும் வசனங்களில் ஓர் ஊர்ப்பெயரும், ஓர் எண்ணும், வழக்கமாக அவர் இடையில் கலக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லும் இருக்க வேண்டும். திரையில் வந்ததைச் சபையின் கடைசி வரிசையில் இருந்து, இந்த உரையைப் பற்றி முன்பே அறியாத ஒருவர் வாசித்து விளங்கியதைச் சொல்லட்டும். அவருக்கு விளங்கினால் தொடங்கலாம்.

முடிந்த பிறகு, கணினி பலர் பயன்படுத்துவதாக இருந்தால், ஓல்வேய்ஸ் யூஸ் சப்டைட்டில்ஸ் பெட்டியில் இட்ட அடையாளத்தை நீக்கிவிட்டு, அன்று கேட்கும் மொழியாகவும் காட்டும் மொழியாகவும் எவை வைக்கப்பட்டிருந்தன என்பதை ஒரு சிறு தாளில் எழுதி மடிக்கணினியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த நாள் வேறொரு மொழியில் பேச வருபவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.